பழைய கணினியும் திறந்த நிரலும்



மலையகத்துத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் வேளையை அறியாதார் யார்? தராசு காட்டும் எண்ணைக் கணக்கப்பிள்ளை குறிக்கிறார். அவ்வெண் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் கூலியும் பிழைக்கும். இக்கணக்கைக் கூட்ட முயன்ற என் மாணவர் இருவர், எனக்கும் ஒரு பாடம் கற்பித்தனர்.

ஹட்டனை அடுத்த எங்கள் பாடசாலையில் மிகப் பழைய கணினியொன்று உண்டு. அதிலுள்ள கம்பைலர், அஃதாவது மனிதர் எழுதும் நிரலைப் பொறிக்குரிய மொழியாக மாற்றும் கருவி, 1980களின் டாஸ் காலத்தது. மாணவர்களோ யாவரும் படித்துத் திருத்தத்தக்க திறந்த மூல நிரலொன்றை அதில் ஓட்ட விரும்பினர்.

கருவி உடனே மறுத்தது. சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரப்படி, மாறிகளை ஒரு தொகுதியின் தலைப்பிலேயே அறிவித்தல் வேண்டும். இடையில் அறிவிக்க இடந்தந்தது 1999ஆம் ஆண்டுத் தரமே. மாணவர்கள் அறிவிப்புகளை மேலே ஏற்றினர். முப்பத்திரண்டு பிட் எண்ணைக் குறிக்கும் புதிய பெயரையும் கருவி அறியவில்லை. அவ்விடத்தில் 'இன்ட்' என்று எழுதினர். மறுப்பு நின்றது, மாணவர் மகிழ்ந்தனர்.

பின்னர்ச் சோதனைக் கணக்கொன்று கொடுத்தேன். நாளொன்றுக்கு இருநூறு பேர், ஆளுக்குப் 18 கிலோ, பத்து நாள். விடை 36,000 ஆதல் வேண்டும். திரையில் தோன்றியதோ கழித்தல் 29,536! அக்கருவியில் 'இன்ட்' என்பது பதினாறு பிட் மட்டுமே; 32,767க்கு மேல் அதற்கு எண் இல்லை. 'லாங்' என மாற்றியதும் கணக்கு நேரானது. அதன் எல்லை இருநூறு கோடிக்கும் மேல்.

கருவி மறுக்கும் பிழை நன்மையே. அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. மௌனமாக ஏற்கப்படும் பிழையே கொடிது. ஆகவே நிரலைப் பெயர்ப்போர், விடை தெரிந்த கணக்கால் அதனைச் சோதித்தல் கடன்.

உலகெங்கும் வழங்கும் 'கர்ல்' என்னும் திறந்த மூல நிரல், இன்றும் அந்த 1989ஆம் ஆண்டுத் தரத்திலேயே எழுதப்படுகிறது. பழைய பொறி வைத்திருப்போரையும் புறந்தள்ளாத பண்பு அது. மூலம் திறந்திருந்தமையால் அன்றோ எம் சிறுவர் பிழையைத் தேடவும் திருத்தவும் முடிந்தது? புதிய கணினி வரட்டும், வரவேற்போம். அதுவரை, இருப்பதைக் கொண்டு கற்போம்.