வேத பாடசாலையும் சர்க்கார் அங்கீகாரமும்

(கல்லாறில் நடைபெற்ற உறுப்பினர் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பொன்முடி மலைப்பாதையின் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும் இந்த இடத்தில், ஆற்றுச் சத்தத்துக்கு நடுவில் சட்டம் பேசுவது கொஞ்சம் அநியாயம்தான். குழந்தைகள் தண்ணீரில் இறங்கத் துடிக்கிறார்கள். (கல்லாற்றில் ஆழமான கயங்கள் உண்டு. பெரியவர் துணையில்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.) ஆனாலும் நம் உறுப்பினர்களில் பாடசாலை நடத்துகிறவர்களும், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க நினைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. வேத பாடசாலைக்கு சர்க்கார் லைசென்ஸ் வேண்டுமா? அங்கே கொடுக்கும் சான்றிதழ் வெளியில் செல்லுமா?

நான் விஞ்ஞானம் படித்தவன், வக்கீல் அல்ல. ஆனால் உத்தியோக காலம் முழுவதும் கோப்புகளில் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பி எழுதியதைப் பார்த்திருக்கிறேன். நடத்துவதற்கு அனுமதி என்பது ஒன்று. கொடுக்கும் பட்டத்துக்கு மதிப்பு என்பது வேறு. முதலாவதில் சட்டம் நமக்கு நிறையவே இடம் கொடுக்கிறது. இரண்டாவதில் மிகக் கறாராக இருக்கிறது.

முதலாவதைப் பார்ப்போம். 2009-ல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 18-வது பிரிவின்படி, அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிறகும் தொடர்ந்தால் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தை பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்றால், எட்டு வயதில் உபநயனம் செய்து அத்யயனத்துக்கு அனுப்புகிற பையன் கதி என்ன? பாடசாலைக்காரர்களுக்கு வந்த இதே கவலை மதரஸா நடத்துகிறவர்களுக்கும் வந்தது. 2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மதரஸாக்கள், வேத பாடசாலைகள், முக்கியமாக மதபோதனை அளிக்கும் கல்வி நிலையங்கள் ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு உட்பிரிவு சேர்க்கப்பட்டது. இரு தரப்பும் ஒரே வரியில் விலக்குப் பெற்றதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம்.

இதில் 'முக்கியமாக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பாடசாலை என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே சாதாரணப் பள்ளி நடத்தினால் விலக்கு கிடைக்காது. மேலும் விலக்கு அந்த ஒரு சட்டத்திலிருந்துதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் வருடச் சட்டம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். பையன்கள் தங்கிப் படிக்கும் இடத்தில் சமையலறைச் சுத்தம், கட்டடத்தின் உறுதி, தீ விபத்துப் பாதுகாப்பு எல்லாம் நம் பொறுப்பே. வேதம் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதால் கழிப்பறை சரியில்லாமல் இருக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சில இடங்களைப் பார்த்தபோது இதைச் சொல்லத் தோன்றியது.

சர்க்கார் எதுவரை தலையிடலாம் என்பதற்கு வழிகாட்டியே நம் கேரளத்து வழக்குதான். 1957-ல் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவை ஜனாதிபதி உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958 மே மாதம் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையில் வந்த கருத்துரை, சிறுபான்மை நிலையங்களை மூன்று விதமாகப் பிரித்தது: சர்க்காரிடம் ஒன்றும் கேட்காதவை, அங்கீகாரம் மட்டும் கேட்பவை, பண உதவியும் கேட்பவை. கேட்பது கூடக்கூட நிபந்தனையும் கூடும். நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்றும் அதில் சொல்லப்பட்டது. அந்த மசோதாவை ஒட்டி எழுந்த விமோசன சமரமும், 1959 ஜூலை 31-ல் ஈ.எம்.எஸ். மந்திரிசபை கலைக்கப்பட்டதும் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இங்கே நம்மவர்கள் ஒரு குறை சொல்வதுண்டு. "30-வது ஷரத்து சிறுபான்மையோருக்குத்தானே, நமக்கு என்ன இருக்கிறது?" என்பார்கள். ராமகிருஷ்ண மிஷனுக்கே இந்த எண்ணம் வந்தது. மேற்கு வங்கத்தில் தங்கள் கல்லூரி நிர்வாகத்தில் சர்க்கார் தலையீட்டைத் தவிர்க்க, தாங்கள் ஹிந்து மதத்திலிருந்து வேறான சிறுபான்மை மதம் என்று வாதாடினார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1995-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. விவேகானந்தரின் ஸ்தாபனம் ஹிந்து அல்ல என்று சொல்ல வேண்டி வந்ததே என்று எனக்கு அப்போது வருத்தமாக இருந்தது. ஆனால் 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. கல்வி நிலையம் தொடங்கும் உரிமை, 19, 26-வது ஷரத்துகளின் கீழ் எல்லோருக்கும் உண்டு. அதே தீர்ப்பு, சிறுபான்மை என்பதை மாநில அளவில்தான் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. 30-வது ஷரத்து மதத்தோடு மொழியையும் சொல்கிறது. ஆகவே கேரளத்தில் தமிழ் பேசும் நாம் மொழிச் சிறுபான்மையினர். தமிழ்நாட்டில் இருக்கும் நம் உறவினர்களுக்கு இந்த வழி கிடையாது. ஆனால் 2004-ல் அமைந்த சிறுபான்மைக் கல்வி நிலையங்களுக்கான தேசிய ஆணையம் மதச் சிறுபான்மையோருக்கானது. மொழி அடிப்படையில் கேட்பவர்கள் மாநில சர்க்காரிடம்தான் போக வேண்டும்.

இனி பட்டம். 1956-ம் வருட பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-வது பிரிவு, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமும் அதற்குச் சமமானவையும் தவிர வேறு யாரும் பட்டம் கொடுக்கக்கூடாது என்கிறது. 23-வது பிரிவு 'யூனிவர்சிட்டி' என்ற பெயரையே தடுக்கிறது. மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை! 1956-ல் அது பெரிய தொகை. பிறகு அது மிரட்டலாகவே இல்லை. குழு வெளியிடும் போலிப் பட்டியல்தான் உண்மையான தண்டனை. அந்தப் பட்டியலில் சமஸ்கிருதப் பெயர் தாங்கியவையும் இடம்பெற்றதுண்டு. 'வாராணசேய சம்ஸ்கிருத விச்வவித்யாலயம்' என்று ஒன்று பட்டியலில் வந்தது. அதே பெயரில்தான் 1958 முதல் காசியில் அசல் பல்கலைக்கழகம் இருந்தது, பின்னால் சம்பூர்ணானந்தர் பெயர் சூட்டப்பட்டது. பழைய பெயரைப் பார்த்து எத்தனை பேர் ஏமாந்தார்களோ!

மதக் கல்லூரி பட்டமே கொடுக்க முடியாதா என்றால், முடியும். வங்காளத்தில் செராம்பூர் கல்லூரி 1818-ல் கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் தொடங்கியது. அந்த ஊர் அப்போது டென்மார்க் வசம். 1827-ல் டென்மார்க் ராஜா பட்டமளிக்கும் சாசனம் கொடுத்தார். 1918-ல் வங்காளச் சட்டசபை அதற்குத் தனிச் சட்டமே செய்தது. நம் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் உள்ள இறையியல் கல்லூரி செராம்பூரோடு இணைந்ததுதான். இதை விலக்கு என்று சொல்ல முடியாது. சட்டத்தின் மூலம் வாங்கிய அதிகாரம். அமெரிக்காவில் வேறு மாதிரி. டெக்சஸில் ஒரு பைபிள் கல்லூரி, அனுமதியில்லாமல் 'செமினரி' என்று பெயர் வைத்ததற்கும் பட்டம் கொடுத்ததற்கும் 1,73,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2007-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், மதபோதகருக்குப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று சர்க்கார் சொல்லக்கூடாது என்று கல்லூரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் அப்படி இல்லை என்பது 2024 நவம்பர் 5-ல் தெளிவாயிற்று. உத்தரப் பிரதேச மதரஸா கல்விச் சட்டம் முழுவதும் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த வருடம் மார்ச்சில் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சட்டம் செல்லும், ஆனால் 'காமில்', 'பாஸில்' என்ற பட்டங்கள் மட்டும் செல்லாது என்றது. அவை பட்டப்படிப்பு, முதுகலை நிலையில் உள்ளவை. உயர்கல்வியின் தரம் மத்திய அரசின் கையில் இருப்பதால் மாநிலம் அதில் கைவைக்க முடியாது என்பது காரணம். இதைப் படித்து நம்மில் சிலர் சந்தோஷப்பட்டார்கள். அந்த நியாயம் நம் பாடசாலைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொன்னபோது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 'கனபாடி' என்பது வித்வத்தைக் குறிக்கும் மரியாதைப் பெயர். அதை யாரும் தடுக்க மாட்டார்கள். அதையே எம்.ஏ.வுக்குச் சமம் என்று அச்சடித்துக் கொடுத்தால்தான் வம்பு.

வழி இல்லாமல் இல்லை. மகரிஷி சாந்தீபனி ராஷ்ட்ரீய வேத வித்யா பிரதிஷ்டான் 1987-ல் டில்லியில் அமைந்து பின்னர் உஜ்ஜயினிக்கு மாறியது. அதன் கல்வி வாரியம் தரும் வேதபூஷணம் பத்தாம் வகுப்புக்கும், வேதவிபூஷணம் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2022-ல் ஏற்றது. அந்த வாரியத்தோடு இணைந்த பாடசாலைகளுக்குத்தான் இது. மற்ற பாடசாலைப் பையன்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதலாம். பிறகு காலடிக்கோ, 1889 முதல் நடந்துவரும் நம் திருவனந்தபுரம் சம்ஸ்கிருதக் கல்லூரிக்கோ போகலாம். கேரளத்து மதரஸாக்களில் பெரும்பாலானவை காலையில் ஓதவைத்து, பின் பையனைச் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிவிடுகின்றன. நாம் கவனிக்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் முழு அத்யயனத்துக்கு அந்த நேரம் போதாது என்று வாத்தியார்கள் சொல்வதும் சரிதான்.

கடைசியாக, நமக்கு மிக அருகில் நடந்தது. தேவஸ்வம் கோயில்களில் பகுதி நேர சாந்தி நியமனத்துக்கு, அங்கீகரிக்கப்பட்ட தந்த்ர வித்யாலயங்களின் சான்றிதழைத் தகுதியாக வைத்ததை எதிர்த்து தந்திரிகள் சமாஜம் வழக்குப் போட்டது. 2025 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குறிப்பிட்ட ஜாதியிலோ வம்சத்திலோ பிறந்திருக்க வேண்டும் என்பது இன்றியமையாத ஆசாரம் ஆகாது என்றது. 2002-லேயே உச்ச நீதிமன்றம் ஆதித்யன் வழக்கில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. இதில் உங்களுக்குச் சம்மதம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அப்பாவிடமே பூஜை கற்ற நம் வீட்டுப் பையன் விண்ணப்பம் போட்டாலும், கையில் அங்கீகாரம் பெற்ற இடத்தின் காகிதம் இருக்கிறதா என்றுதான் போர்டு பார்க்கும்.

டிரஸ்ட் பத்திரத்தின் நகல் கொண்டுவந்திருக்கும் பாடசாலை நிர்வாகிகள் சாப்பாட்டுக்குப் பிறகு இங்கேயே இருக்கட்டும். நோக்கங்கள் என்ற பகுதியில் மதபோதனை முதலில் வருகிறதா, 'பள்ளி', 'காலேஜ்' என்று எங்காவது எழுதி மாட்டிக்கொண்டிருக்கிறோமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.