அளவுகோல் யார் கையில்?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மாலை வேளையில் கல்முனைத் தெருக்களில் நடந்து பாருங்கள். தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் ஒரே தென்னிந்தியத் தொடர் நாடகத்தின் அழுகுரல் கேட்கும். பாட்டனாரும் பேர்த்தியும் கூடியிருக்கையில் கூசத்தக்க காட்சி தோன்றினால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நாணுகிறோம். "அரசாங்கம் இதைத் தடுக்கலாகாதா?" என்கிறோம். நியாயமான கேள்வியே, விடைதான் எளிதன்று.

நம் நாட்டிற்குத் தொலைக்காட்சி 1979இல் வந்தது. ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தை நிறுவிய 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம், நல்லிரசனைக்கும் கண்ணியத்திற்கும் மாறானவை அதன் நிகழ்ச்சிகளில் இடம்பெறலாகாது என விதித்தது. வானொலிக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே விதித்திருந்தது. தனியார் தொலைக்காட்சிக்கு உரிமம் வழங்கும் அதிகாரமோ அமைச்சரிடம் விடப்பட்டது.

1997இல் ஒலி, ஒளிபரப்புகளை ஒழுங்குபடுத்த அதிகார சபையொன்றை அமைக்கும் சட்டமூலம் வந்தது. உயர் நீதிமன்றம் அதனை ஆராய்ந்தது. அச்சபை அரசாங்கத்தின் பிடியினின்றும் விடுபட்டதன்று. ஆகவே பாராளுமன்றத்தின் மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் இன்றி அது சட்டமாகாது எனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பை நாம் மறத்தலாகாது. ஆபாசத்தை வெட்டக் கொடுத்த கத்தரிக்கோல் நாளை உண்மைச் செய்தியையும் வெட்டும். அதற்காக எல்லாவற்றையும் நிலைய உரிமையாளரிடமே விட்டுவிடுவதா? அது வியாபாரியின் தராசை வியாபாரியே சோதிப்பது போலாகும்.

இன்னொன்றையும் எண்ணுவோம். கண்ணியம் என்பது யாருடைய கண்ணியம்? பரதம் நமக்கு வழிபாடு. அயல்வீட்டார் சிலருக்கு அது கூச்சந் தரலாம். நாம் இயல்பாகக் கேட்கும் பாட்டு, நோன்பு மாதத்தில் அவர்களை உறுத்தலாம். பெரும்பான்மையோரின் கூச்சமே சட்டமானால், ஓரிடத்தில் நாமும் மற்றோரிடத்தில் அவர்களும் வாயடைக்கப்படுவோம்.

ஆதலின் எமது துணிபு இதுவே: விதிகள் முன்கூட்டியே எழுதப்படல் வேண்டும், அரசினரையும் முதலாளியையும் சாராத சபையொன்று, எல்லாச் சமூகத்தாரும் அமர்ந்து, காரணங் காட்டித் தீர்ப்புக் கூறல் வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருக்கலாமா? திண்ணையிலிருந்து முணுமுணுப்பதை விடுத்து, நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம் குறித்து நிலையத்திற்கு எழுதுவோம். முஸ்லிம் நண்பரும் உடன்பட்டால் ஒரே கடிதத்தில் இருவரும் கையொப்பமிடுவோம். கல்முனையிலிருந்து செல்லும் அக்கடிதத்திற்குத் தனி மதிப்புண்டு.