மார்த்தாண்டத்து மூத்த தம்பதியர்



தொண்டு செய்யப் புறப்படும் இளைஞருக்கு முதலில் வேண்டியது எது? பணமும் படிப்பும் ஆர்வமும் வேண்டும். ஆயினும், அவ்வழியில் முன்னரே நடந்து பழகிய மூத்தோரின் துணை இவற்றினும் இன்றியமையாதது என்று நான் கருதுகிறேன். அத்தகைய துணையாக விளங்கிய தம்பதியர் இருவர் ஒரு காலத்தில் குழித்துறைப் பகுதியில் வாழ்ந்தனர்.

குழித்துறை நகராட்சியில் அடங்கிய மார்த்தாண்டத்துக்குத் தொடுவெட்டி என்பது பழைய பெயர். அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நாளில் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் அங்கே கிராமப் புனருத்தாரணப் பணியைத் தொடங்கியது. சேலத்தில் பிறந்த கே. டி. பால் அச்சங்கத்தின் முதல் இந்தியப் பொதுச் செயலாளராய் இருந்து கிராமத் தொண்டுக்கு வழிவகுத்தார். மார்த்தாண்டம் நிலையத்தை நடத்தியவர்கள், அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்பென்சர் ஹாட்சும் அவர் துணைவியார் எமிலியும் ஆவர்.

அவர்களுடைய அன்றாடப் பணி பெரும்பாலும் தோட்டத்திலும் கோழிக் கூட்டிலும் தேன்பெட்டியருகிலும் நடந்தது. மரப்பொந்தில் வாழ்ந்த தேனீயைப் பெட்டியில் குடியேற்றுதல், அடையைப் பிழியாமல் சுழல் பொறியால் தேனெடுத்தல், வெள்ளை லெகார்ன் கோழி வளர்த்தல், முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டுறவு முறையில் விற்றல் ஆகியவற்றையெல்லாம் கண்முன் செய்து காட்டினர். அங்கு நடந்த பயிற்சிப் பள்ளிக்குப் பிற மாகாணங்களிலிருந்தும் இளந்தொண்டர்கள் வந்து கற்றுத் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர்.

இளம் உள்ளம் பிறர் துன்பத்தைப் பொறாது. உடனே தானே கொடுத்துவிடவும் செய்துவிடவும் விரையும். ஹாட்ச் அதற்கு உடன்படவில்லை. ஏழை தன் முயற்சியாலேயே எழ வேண்டும், விவரம் அறிந்தவர் அருகிலிருந்து ஆலோசனை கூற வேண்டும் என்பதே அவர் கொள்கை. ஆவி, அறிவு, உடல், பொருள், சமூகம் என்னும் ஐந்தும் ஒருங்கே வளர வேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். 1932-ல் வெளிவந்த அவருடைய நூல் இந்த அனுபவத்தை விரித்துரைக்கிறது.

எமிலி அம்மையாரோ, கற்பிக்க வந்த நாட்டைத் தாமும் கற்றார். கதகளியை ஆராய்ந்தார், 1933-ல் திருவிதாங்கூருக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். ஊரை அறியாமல் ஊருக்கு உதவ இயலாது என்பதற்கு இளையோர் இதைவிட நல்ல பாடம் எங்கே பெற முடியும்?

பின்னர் அத்தம்பதியர் இந்தியாவை விட்டு மெக்சிகோ நாட்டில் கிராமப் பணியைத் தொடர்ந்தனர். அவர்கள் சென்ற பின்னும் தேனீ வளர்ப்பு இம்மாவட்டத்தில் நிலைத்தது. ரப்பர் மரம் தளிர்க்கும் பருவத்தில் தேன்பெட்டிகள் தோட்டங்களை நாடிச் செல்வதை இன்றும் காணலாம். 1991-92-ல் பரவிய ஒரு நோயால் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. அப்பொழுது ஹாட்சும் இல்லை, எமிலியும் இல்லை. ஆயினும், தொழில் மக்களின் கையில் இருந்தது. பிழைத்த கூட்டங்களைக் கொண்டு அவர்களே அதை மீண்டும் பெருக்கினர்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் வாயிலாகக் கிராமங்களுக்குச் செல்லும் மாணவர்களே, நீங்கள் ஊரை விட்டுத் திரும்பிய மறுநாள் அங்கே எது தொடர்ந்து நடக்கும் என்பதைச் செல்லுமுன்பே எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு முன் சென்ற மூத்தோரையும் தேடிச் சென்று கேளுங்கள்.