முகம் பார்க்காத துக்கம்

(தோட்டக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இழவுச் செய்தி தூரத்திலிருந்து வருவது நம் மக்களுக்குப் புதிதல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அண்ணன் இந்தியாவிலும் தம்பி தோட்டத்திலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அங்கே தாய் கண்ணை மூடினால், இங்கே கடிதம் வந்து சேரும்போது கருமாதியே முடிந்திருக்கும். இன்று மகள் வெளிநாட்டில், மகன் கொழும்பில். செய்தி ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறது. ஆள் வந்து சேரத்தான் முடிவதில்லை. "கடைசியா முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கலையே" என்ற அழுகை மட்டும் மாறவில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியை இங்கே நினைத்துப் பார்ப்போம். கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசு கட்டளையிட்டது. அடக்கம் செய்வதையே மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் தவித்துப்போயின. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அந்தக் கட்டளை மாறியது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் நடந்தது. ஒரு வருஷத்தில் 3,600க்கும் மேற்பட்டவர்கள் அந்த மண்ணில் வைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

எங்கெங்கோ வாழ்ந்தவர்கள் அவர்கள். கூடப் போக மிகச் சிலருக்கே வாய்த்தது. மற்றவர்கள் வீட்டிலிருந்தே அழுதார்கள். ஆனால் முன்பின் தெரியாத அந்த ஊர் மக்கள் உதவிக்கு நின்றார்கள். நாம் நிற்க முடியாத இடத்தில் வேறொருவர் நமக்காக நிற்பார் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

போக முடியாமல் போனது குற்றமல்ல. நம் பெரியவர்கள் இதற்கு எப்போதோ வழி வைத்திருக்கிறார்கள். உடல் கிடைக்காதபோது தர்ப்பையால் உருவம் செய்து கிரியை செய்வார்கள். முஸ்லிம்கள் தூரத்தில் இறந்தவருக்காகக் காயிப் ஜனாஸா தொழுவார்கள். கிறிஸ்தவர்கள் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்குப் போய்ப் பாருங்கள். பிதிர்க்கடன் செய்ய எத்தனை சனம்! தகப்பன் எங்கே இறந்தார் என்று அந்தத் தண்ணீர் கேட்பதில்லை.

ஆகவே மூன்று காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, செய்தியை மறைக்காதீர்கள். "பிள்ளை தனியா இருக்கு, இப்ப சொல்ல வேணாம்" என்று நல்ல மனதோடுதான் மறைக்கிறோம். பிறகு தெரியவரும்போது, தாய் போன துக்கத்தோடு ஏமாற்றப்பட்ட துக்கமும் சேர்ந்துவிடும். வேலை நேரத்தில் சொல்லாமல், நம்பிக்கையான ஒருவர் ஆறுதலாகச் சொல்லட்டும். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அங்கிருந்து போன் வழியாகக் கடைசி முகம் பார்க்க விரும்பினால் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

இரண்டாவது, உடல் இங்கே இல்லாவிட்டாலும் அது இழவு வீடுதான். லயத்தில் விளக்கேற்றுங்கள். அக்கம்பக்கம் போய்க் கேதம் விசாரியுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் கதையைப் பேசுங்கள். "உடம்பே வரலையே, எதுக்குப் போகணும்" என்று ஒதுங்காதீர்கள். மரண உதவிச் சங்கத்தாரும் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, வெளிநாடு போகிறவர்கள் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே போங்கள். பதிந்தவர்களுக்குக் காப்புறுதி உண்டு. கடவுச்சீட்டுப் பிரதி, எஜமானின் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். அங்கே மரணம் நேர்ந்தால், உடலைக் கொண்டுவரும் விஷயத்தைக் கொழும்பு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் கேட்க வேண்டும். அழுகிற நேரத்தில் தாள் தேடுவது பெரும் கொடுமை. விளங்காத தாளில் கையொப்பமும் வைக்காதீர்கள்.

ஓட்டமாவடியில் அந்நியர்களே உறவாக நின்றார்கள். ஒரே லயத்தில் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் நாம், அடுத்த காம்பராவில் ஒருத்தி தனியே அழ விடலாமா?