வீட்டுப்பாடமும் தனிப்பயிற்சியும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்விப்பணி ஆற்றிவரும் இச்சங்கத்தின் விழாவில், ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒரு வினாவை உங்கள்முன் வைக்கின்றேன். வீட்டுப்பாடமும் தனிப்பயிற்சியும் உண்மையிலேயே கல்வியை வளர்க்கின்றனவா?

வைத்திக்குப்பத்துக் கரையில் வலை பின்னக் கற்கும் சிறுவனைப் பாருங்கள். முடிச்சுகளை அவனே போடுகின்றான். வேறொருவர் போட்டால் அவனுக்குக் கை பழகாது. ஆயினும் அருகே ஒரு பெரியவர் அமர்ந்திருக்கின்றார். முடிச்சு பிசகினால் அப்போதே அவிழ்க்கச் சொல்லுகின்றார். அவர் இல்லையெனில் நூறாவது முடிச்சும் பிசகாகவே விழும். திருத்துவாரற்ற பயிற்சி, பிழையையே பழக்கமாக்கிவிடும்.

வீட்டுப்பாடமும் இத்தகையதே. படித்த பெற்றோர் வாழும் வீட்டில் அப்பெரியவர் இருக்கின்றார். தாயும் தந்தையும் அந்திவரை உழைத்து மீளும் வீட்டில், பள்ளிப் படியேறிய முதல் தலைமுறைப் பிள்ளை யாரைக் கேட்கும்? மறுநாள் வெற்று ஏட்டோடு வகுப்பில் எழுந்து நிற்கின்றது. அங்கே அளக்கப்படுவது பிள்ளையின் அறிவா, வீட்டின் வசதியா? பல நாள் இவ்வாறு நின்ற பிள்ளை, ஒருநாள் பள்ளிக்கு வாராமலே நின்றுவிடுகின்றது.

அமெரிக்க அறிஞர் ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. வீட்டுப்பாடத்திற்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு உயர்வகுப்புகளில் வலுவாகவும், தொடக்க வகுப்புகளில் மெலிந்தும் காணப்பட்டது. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் வேண்டா என்றது. 9-ஆம் வகுப்பு முதல் நாளொன்றுக்கு 2 மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றது.

அங்ஙனமாயின் பயிற்சியைக் கைவிடுவதா? அன்று, துணையைத் தேடித் தருவதே வழி. அண்ணல் அம்பேத்கர் 1924-இல் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி கண்டது. பிள்ளைக்குப் பாடநூல் மட்டும் போதாது, அமர்ந்து படிக்க இடமும் சூழலும் வேண்டும் என்பதை அச்சபை அறிந்திருந்தது.

நமக்கு அண்மையில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்றது தமிழ்நாட்டின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம். அவ்வூர்த் தன்னார்வலர்களே மாலையில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் இழந்த கற்றலைப் பிள்ளைகள் மீட்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வகுப்புகளால் விளைந்தது என ஆய்வாளர் கணித்தனர்.

இளைஞர்களே! உங்களிடம் நான் வேண்டுவது மாலையில் ஒரு மணி நேரம். ஒருவர் ஐந்து பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். நூலைப் பார்த்துப் படியெடுக்க விடாதீர்கள். அது கைக்கு மட்டுமே வேலை. நூலை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அன்றே திருத்துங்கள். பிழைத்த கணக்கைச் சில நாள் கழித்து மீண்டும் கொடுங்கள்.

வலைக்கரைப் பெரியவரின் இடத்தில் நீங்கள் அமர்ந்தால், நம் பிள்ளைகளுள் ஒருவரும் வெற்று ஏட்டோடு தலைகுனிந்து நிற்கமாட்டார்.