பாரிஸ் வழியாக அஜந்தா

கண்ணால் பார்க்க வேண்டிய ஓவியத்தைக் காதுக்குச் சொல்வது கொஞ்சம் அசட்டுத் துணிச்சல்தான். இருந்தாலும், வெளிநாட்டுப் படிப்பு ஓர் ஓவிய மாணவிக்கு என்ன செய்யும் என்பதற்கு அம்ரிதா ஷெர்கிலைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அப்பா சீக்கியப் பிரபு, சமஸ்கிருதம் படித்தவர். அம்மா ஹங்கேரியப் பாடகி. 1913இல் புடாபெஸ்டில் பிறந்து, சிம்லாவில் வளர்ந்த அம்ரிதா, 16 வயதில் பாரிஸுக்குப் போனார். எகோல் தே போஸார் என்ற பழம்பெரும் கலைப் பள்ளியில் லூசியன் சிமோனிடம் பயின்றார். வசதியுள்ள வீட்டுப் பெண் என்பதால் வாய்த்த படிப்பு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

1932இல் ‘இளம் பெண்கள்’ என்ற படத்தை வரைந்தார். தங்கை இந்திராவும் பிரெஞ்சுத் தோழி ஒருத்தியும் உட்கார்ந்திருக்கும் படம். மறு ஆண்டு பாரிஸின் கிராண்ட் சலோன் அதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. தேர்ந்த கை, சந்தேகமில்லை. ஆனால் என் கண்ணுக்கு அது பள்ளி சொன்னதைப் பிசகாமல் செய்த மாணவியின் படம்தான்.

அவர் கண்ணைத் திறந்தவர்கள் வகுப்பறைக்கு வெளியே, ஓவியக் கூடங்களின் சுவர்களில் இருந்தார்கள்: பிரெஞ்சு ஓவியர்களான செசான், பால் கோகன். இவர்களை அச்சுப் படத்தில் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. கித்தானின் அளவும், வண்ணம் அப்பியிருக்கும் கனமும் நேரில் நின்றால்தான் பிடிபடும். கோகன் நிழல்களைக் குறைத்து, அகலமான வண்ணப் பரப்புகளால் உருவங்களை அமைத்தவர். 1934இல் அம்ரிதா தம்மையே, கோகன் வரைந்தவர்களைப் போன்ற ஒரு தாஹித்திப் பெண்ணாக வரைந்துகொண்டார். கோகனுக்கு அதைவிடப் பகிரங்கமாக நன்றி சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோகனே ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களின் புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றின் நிலைகளைத் தம் ஓவியங்களில் எடுத்தாண்டவர்.

அதே ஆண்டு பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், இந்திய ஓவியத்தையும் சிற்பத்தையும் தமக்குப் புரியவைத்தது நவீன ஓவியம்தான் என்றார் அம்ரிதா. ஐரோப்பா வந்திராவிட்டால், ஓர் அஜந்தா சுவரோவியம் மறுமலர்ச்சிக் காலம் முழுவதையும்விட மேலானது என்று தெரியாமலே போயிருக்குமாம்! இருபத்தொரு வயதின் மிகை. மைக்கேலாஞ்சலோவை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மிகைக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு பக்கமிருந்து விழும் ஒளி, தூரம் போகப்போகச் சிறுக்கும் உருவம் என்பதையே இலக்கணமாகப் படித்த கண்ணுக்கு அஜந்தாவில் ஏதோ குறைவதுபோலத் தோன்றலாம். அந்த இலக்கணத்தை ஐரோப்பியரே உடைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு அது குறையாகவே படாது. ஊரிலேயே இருந்திருந்தால், அஜந்தா அவருக்கு வெறும் பழம்பெருமையாக இருந்திருக்கும்.

அந்த ஆண்டின் இறுதியிலேயே இந்தியா திரும்பிவிட்டார். 1936 கடைசியில் தெற்கே கிளம்பினார்: அஜந்தா, எல்லோரா, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்கள், கன்னியாகுமரி வரை. 1937இல் மூன்று பெரிய படங்கள் பிறந்தன: ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’.

‘பிரம்மச்சாரிகள்’ படத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஐந்து இளைஞர்கள், பழுப்பு உடல்கள், வெள்ளை வேட்டி. யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனால் ஒருவரை எடுத்துவிட்டால் படம் சரிந்துவிடும். அந்தக் கட்டுக்கோப்பில் செசானும் இருக்கிறார், அஜந்தாவும் இருக்கிறது. எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியவில்லை. வங்காள ஓவியர்களும் அஜந்தாவைப் படித்தவர்களே. அவர்களில் பலர் அதன் நளினத்தை எடுத்துக்கொண்டார்கள். அம்ரிதா எடுத்துக்கொண்டது அதன் எலும்பை.

1941இல் லாகூரில் காலமானபோது அவருக்கு வயது 28. தில்லி தேசிய நவீன ஓவியக் கூடத்தின் சேகரிப்பில் ‘இளம் பெண்கள்’, ‘பிரம்மச்சாரிகள்’ இரண்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள். முடிந்தால் போய்ப் பாருங்கள். பதக்கம் வாங்கியதை முதலில்.