திருக்கையும் பாசியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



கடலில் நீந்தும் திருக்கைக்கும் கிணற்றுக்கட்டில் படரும் பாசிக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். உறவு ஒன்றுமில்லை. ஆயினும் உயிர்கள் தம் குலத்தைக் காக்கும் வழிகள் எவ்வளவு வேறுபட்டவை என்பதை இவ்விரண்டும் தெளிவாகக் காட்டுகின்றன.

முதலில் கொம்புத் திருக்கை. விஞ்ஞானிகள் இதனை மோபுலா பைரோஸ்ட்ரிஸ் என்பர். ஏறக்குறைய 7 மீற்றர் அகலம் வரை வளரும் இப்பெரிய மீனின் உணவோ மிகச் சிறிய மிதவையுயிர்கள்.

அடுத்தது பாசி. காலை வழுக்கச் செய்யும் பாசியையன்று, மாரிமழையோடு சுண்ணாம்புச் சுவரில் பச்சைக் கம்பளமாய்ப் படர்வதையே சொல்கிறேன். வெப்பநாடுகளில் பரவலாகவுள்ள ஹயோபிலா இன்வொலூட்டா இவ்வகையது. அதற்கு வேரில்லை, வேர்ப்போலியே உண்டு. கோடையில் இலைகள் உட்சுருண்டு செத்ததுபோற் கிடக்கும். ஒரு மழை விழுந்தாலோ சில நிமிடங்களில் விரிந்து பசுமையாகும்.

இங்கே ஒரு புதுமை. நீரில் வாழும் திருக்கை தன் கருவை நீரிடம் ஒப்புவிப்பதில்லை. கருக்கட்டல் தாயின் உடலினுள்ளேயே நிகழும். ஓராண்டளவு சுமந்து, கருப்பையிற் சுரக்கும் பாலினால் வளர்த்து, பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் செல்லலாம். நிலத்தில் வாழும் பாசிக்கோ நீரின்றிக் கருக்கட்டலே இல்லை. ஆண்புணரி நீர்ப்படலத்தில் நீந்தியே முட்டையை அடையும். பின்னர் எண்ணற்ற வித்திகளைக் காற்றில் தூவும். முறிந்த துண்டுங்கூடப் புதுச்செடியாகும்.

ஆகவே, சுவரைச் சுரண்டினாலும் அடுத்த மாரியிற் பாசி வரும். கடலையும் நாம் அவ்வாறே எண்ணிவிடுகிறோம். சூரைக்கு விரித்த வலையிற் கொம்புத் திருக்கையும் அகப்படுகிறது. அதன் செவுள்கள் உலர்த்தப்பட்டுச் சீன மருந்துக்காக விலைபோயின. இவ்வினங்கள் மிகுதியாகப் பிடிபட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 2013இல் அவற்றின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் உடன்பட்டன. 2020இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவை எதிர்நோக்கும் இனமென அறிவித்தது. நாம் கூழுக்கு வாங்கும் சிறு திருக்கைகளும் குட்டி ஈனுவனவே. ஓர் ஈற்றிற் சிலவே பிறக்கும்.

தொண்டைமானாற்றுக் கரையில் வலையிழுப்பவரை நான் குறைகூற வரவில்லை. அவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். ஆனால் அவர் பிள்ளைகளுக்கும் கடலில் மீன் வேண்டுமல்லவா? கொம்புத் திருக்கை உயிரோடு அகப்பட்டால் அதனைக் கடலில் விட்டுவிடலாம். செவுளுக்கு விலை கிடைக்காதென்றால் அதனைக் கரைக்குக் கொண்டுவரும் ஆசையும் குறையும்.

அச்சுவேலித் தோட்டக்காரருக்கு இது புதிய பாடமன்று. கீரையைக் கிள்ளினால் தளிர்க்கும்; பனையின் தலையை வெட்டினால் பனை பட்டுவிடும். கடலிலும் கீரை எது, பனை எது என்று பிரித்தறிவோமாக.